சாயம் அடிப்பது யார்?

கேள்வி: கோலாலம்பூரில் புதிய கோபுரங்களின் வாசலில் இரும்பை வளைத்துச் சிவப்புச் சாயம் அடித்து நிறுத்திவிட்டு, சிற்பம் என்கிறார்கள். இதற்கு என்ன அர்த்தம்? எனக்குப் பழைய இரும்பாகத்தான் தெரிகிறது. நல்ல சிலையாக ஒன்று வைக்கக் கூடாதா?
– வாசகர், செந்தூல்

பதில்: அர்த்தம் கிடக்கட்டும். சாயம் என்றீர்களே, அதைப் பேசுவோம்.

2018-இல் பத்துமலை முருகன் கோவிலின் 272 படிகளுக்கும் வண்ணம் அடித்தபோது ஊரே இரண்டாகப் பிரிந்து பேசியது. மரபுடைமைத் துறையும் வந்து கேள்வி கேட்டது. ஆனால் அந்த நிறங்களுக்கு என்ன அர்த்தம் என்று ஒருவரும் எனக்குக் கடிதம் போடவில்லை. பிடித்தது, பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இரும்பையும் அப்படியே பாருங்களேன்.

நம் சங்க மண்டபங்களின் கதை வேறு (என் பழைய புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள்). தலைவர் மாறினால் சுவரின் நிறம் மாறும். ஒரு மண்டபத்தில் அலமாரியை நகர்த்தாமலே அடித்திருக்கிறார்கள். அடுத்து வந்தவர் அலமாரியை நகர்த்தினார். முந்தைய ஆட்சி முழுசாக வெளியே வந்தது. ஆண்டறிக்கையில் மட்டும் இரண்டு தடவையும் முழுச் சுவருக்குச் செலவு!

அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டருக்கும் இப்படி ஒரு தலைவர் கூட்டம் வாய்த்தது. அவர் கறுப்பு வெள்ளையில் செய்த தொங்கும் சிற்பத்துக்கு, பிட்ஸ்பர்க் விமான நிலையத்தில் பச்சையும் பொன்னும் அடித்தார்கள். மாவட்டத்தின் நிறங்களாம். மனிதர் கத்திப் பார்த்தார், 1976-இல் இறக்கும்வரை பலிக்கவில்லை. இன்னொரு அமெரிக்கச் சிற்பி டேவிட் ஸ்மித்துக்கு நேர்மாறு. 1965-இல் அவர் இறந்த பிறகு, சில சிற்பங்களில் இருந்த வெள்ளைச் சாயத்தைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். சம்மதித்தவர், ஸ்மித் விட்டுச்சென்றதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருந்த பெரிய கலை விமர்சகர், கிளமெண்ட் கிரீன்பெர்க். விமர்சகர் கைக்குச் சுரண்டி போகக் கூடாது.

சரி, பழைய இரும்பு. நம் வெயிலில் சாயம் வெளுக்கும், வெடிக்கும். வெடிப்பில் மழை இறங்கினால் துரு. சிற்பத்தை நிறுத்துகிற அன்றைக்கே மறுபடி சாயம் அடிக்கவும் பணம் ஒதுக்க வேண்டும். தேசியக் கலைஞர் சையத் அகமட் ஜமால் 1986-இல் செய்த ‘புஞ்சாக் பூர்ணாமா’ சிற்பத்தை 2016-இல் மாநகராட்சியே இடித்துப் போட்டது. அதைக் குப்பையாக்கியது சிற்பியா?

நல்ல சிலை கேட்கிறீர்கள். யாருடைய சிலை என்று எழுதவில்லை, தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். உயிரோடு இருக்கும்போதே அளவு கொடுக்க நம்மிடையே எத்தனை டத்தோ பட்டக்காரர்கள் காத்திருக்கிறார்கள் தெரியுமா?