இரவு 2.40-க்கு வந்த கடிதம்

வணக்கம்.

ஐந்து ஆண்டுகளாக மேடை நாடகத்தில் நடிக்கிறேன். ஒவ்வொரு முறையும் மேடையேறும் முன் கை நடுங்குகிறது, நாக்கு உலர்ந்துவிடுகிறது. உடன் நடிக்கும் நண்பர் தான் போட்டுக்கொள்ளும் மாத்திரையில் ஒன்றைத் தந்தார். போடலாமா? இன்றைய காட்சியில் ஒரு வசனத்தைத் தாவிவிட்டேன். வீட்டுக்கு வந்து வீடியோவை இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன், இன்னும் மோசமாகத் தெரிந்தது. கடைசியாகப் போன மூன்று ஆடிஷனிலும் தேறவில்லை. வேதனைதான் கலைக்கு உரம் என்கிறார்கள். என்னிடம் உரம் மட்டுமே இருக்கிறது, பயிரைக் காணோம். விட்டுவிடலாமா? சமூக ஊடகத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

கே.

அன்புள்ள கே,

கடிதத்தைப் படிக்கும் முன் அது வந்த நேரம் கண்ணில் பட்டது. இரவு 2.40. நீங்கள் கேட்டிருக்கும் எல்லாவற்றையும்விட அந்த நேரம்தான் எனக்கு அதிகம் சொன்னது. மேடைக் கலைஞர்களின் மனநலம் என்று பேச்செடுத்தால் எல்லோரும் திரை விலகுவதற்கு முந்தைய பத்து நிமிடத்தைப் பற்றியே பேசுகிறார்கள். திரை விழுந்த பிறகு வரும் நான்கு மணி நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லையே என்று சில நாட்களாகவே எனக்கு ஆதங்கம். சரியாக அந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள்.

மாத்திரையை முதலில் முடித்துவிடுவோம். நண்பர் தந்தது அநேகமாக ப்ரொப்ரனலால், பீட்டா பிளாக்கர் வகை. இதயத் துடிப்பையும் கை நடுக்கத்தையும் அது குறைக்கும். வில்வித்தை, துப்பாக்கிச் சுடும் போட்டிகளில் அதற்குத் தடை இருப்பதே அதனால்தான். ஆனால் மனதுக்குள் ஓடும் 'சொதப்பப் போகிறேன்' என்ற பேச்சை அது நிறுத்தாது. ஆஸ்துமா இருப்பவருக்கு மூச்சுக்குழலை இறுக்கிவிடும். நாடித்துடிப்போ ரத்த அழுத்தமோ இயல்பிலேயே குறைவாக இருப்பவரை மயங்கி விழச் செய்யலாம். இன்னொருவர் சட்டைப் பையிலிருந்து மருந்து வாங்கி விழுங்கும் அளவுக்கு உங்கள் உடம்பு மலிவா? வேண்டும் என்றால் மருத்துவரிடம் போய் எழுதி வாங்குங்கள். முதல் மாத்திரையைக் காட்சி இல்லாத நாளில் போட்டுப் பாருங்கள்.

நடுக்கம் போகாது. போகவும் வேண்டாம். புகழ்பெற்ற ஆங்கில நாடக நடிகர் லாரன்ஸ் ஒலிவியர் அறுபதை நெருங்கும் வயதில், புகழின் உச்சியில், மேடை பயத்தில் சிக்கினார். சில ஆண்டுகள் அது விடவில்லை. அவர் நடித்துக்கொண்டேதான் இருந்தார். மூச்சை நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள், ஐந்து நிமிடம். வெளிமூச்சு நீண்டால் துடிப்பு இறங்கும். முதல் வசனத்தையும் முதல் அசைவையும் மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஐந்தாறு இடங்களை, எதை மறந்தாலும் அங்கே போய்க் குதித்துவிடலாம் என்ற கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் இன்று வசனத்தைத் தாவியது உங்களுக்கும் எதிரே நின்ற நடிகருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். அதைத் துயரமாக்கியது அந்த வீடியோ.

இனி அந்த நான்கு மணி நேரத்துக்கு வருகிறேன்.

மேடையில் ஏறும்போது உடம்பு அட்ரினலினைக் கொட்டுகிறது. அது ரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும். கூடவே ஏறிய கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் மட்டும் எளிதில் இறங்காது. கைதட்டல் ஓய்ந்து வீட்டுக்கு வந்த பிறகும் உள்ளே ஒரு விழிப்பு எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் அதற்குச் செய்ய வேலை எதுவும் இல்லை. வயிறு காலி, ஏனென்றால் பயத்தில் மாலையிலிருந்து நீங்கள் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள். மாலை ஆறு மணிக்குக் குடித்த காபியின் காஃபீனில் பாதியளவு பதினொரு மணிக்கும் உடம்பில் இருக்கும். இப்படிப் பசித்து, களைத்து, தூங்கவும் முடியாமல் கிடக்கும் மூளையிடம் போய் 'நான் நல்ல நடிகனா?' என்று கேட்டால் அது வேறென்ன சொல்லும்? தூக்கம் கெட்ட மூளை எல்லாவற்றிலும் ஆபத்தைத்தான் பார்க்கும். அந்த மூளையிடம் வீடியோவையும் கொடுத்து, அதுவும் இரண்டு தடவை! உங்களைத் திட்டாமல் இருக்க முடியவில்லை.

காட்சி முடிந்ததும் பாத்திரத்தைக் கழற்றுங்கள். உடையை மட்டும் சொல்லவில்லை. பாத்திரத்துக்காக நடை, முதுகு, மூச்சு, குரல் என்று ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டீர்கள் அல்லவா, அதே வரிசையைத் தலைகீழாக இறக்குங்கள். முதலில் குரல்: உங்கள் பெயரை உங்கள் சொந்தக் குரலில் உரக்கச் சொல்லுங்கள். பிறகு மூச்சு, முதுகு, கடைசியில் உங்கள் சொந்தச் செருப்பில் பத்து நிமிட நடை. மேடையில் நீங்கள் அழுத அழுகை நடிப்பு என்பது உங்கள் தொண்டைக்கும் கண்ணுக்கும் தெரியாது, அவை நிஜமாகவே அழுதிருக்கின்றன. முப்பது காட்சி அழுதவர் முப்பது முறை அதிலிருந்து வெளியே வர வேண்டும். பலர் வருவதே இல்லை, அப்படியே அடுத்த பாத்திரத்துக்குள் போய்விடுகிறார்கள்.

பிறகு சாப்பாடு, எளிதாகச் செரிக்கிற ஏதாவது. குடித்துவிட்டுத் தூங்கலாம் என்று யாராவது சொன்னால், மது தூங்க வைத்துவிட்டு இரவின் பிற்பாதியில் எழுப்பிவிடும் என்று அவருக்கும் சொல்லுங்கள். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் குளியுங்கள். தோல் சூடாகி, பிறகு உடம்பின் உள்வெப்பம் இறங்கும்போது தூக்கம் வரும். ஒரு நோட்டில் இரண்டே வரி: இன்று என்ன நடந்தது, நாளை எதைச் சரிசெய்வது. 'நான் எப்படிப்பட்டவன்' என்று மூன்றாவது வரி வேண்டாம். வீடியோ, விமர்சனம், வாட்ஸ்அப் குழுவின் பேச்சு எல்லாம் மறுநாள் மதியத்துக்குப் பிறகு, இருபது நிமிடம், ஒலியை மூடி ஒரு தடவை, ஒலியோடு ஒரு தடவை. (சமூக ஊடகக் கேள்விக்கும் இதுதான் பதில்.)

ஒரு நாடகத்தின் கடைசிக் காட்சி முடிந்த பிறகு வருவது இதே நான்கு மணி நேரம்தான், வாரக்கணக்கில் நீண்டு வரும். தினமும் ஆறு மணிக்கு ஒத்திகை என்றிருந்த நாளில் திடீரென்று ஆறு மணிக்கு வேலை இல்லை. அந்த ஓட்டையை நாடகம் முடிவதற்கு முன்பே அடைத்து வையுங்கள். ஒரு வகுப்பு, நடை, கலைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வேலை, எதுவாகவும் இருக்கலாம். கலையைத் தவிர வேறு எதுவும் செய்யமாட்டேன் என்பதைத் தியாகம் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அது ஒற்றைக் காலில் நிற்பதாகத்தான் தெரிகிறது.

ஆடிஷன் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உங்கள் உயரம் எதிர்நடிகருக்குப் பொருந்தவில்லை என்பதற்காகவும் உங்களைத் தேர்ந்தெடுக்காமல் விடுவார்கள், காரணம் சொல்லவும் மாட்டார்கள். தேதி, செய்த பகுதி, மறுபடி அப்படியே செய்வேன் என்று தோன்றிய ஒரு விஷயம், மூன்றையும் எழுதி மூடிவிடுங்கள்.

உரம் பற்றிய அந்த வாக்கியம் அழகாக இருக்கிறது, அதனாலேயே சந்தேகப்படுகிறேன். பட்ட வேதனையைக் கலைஞர் பயன்படுத்துவார், உண்மை. ஆனால் பயன்படுத்துவதற்கு அன்றைக்குத் தெளிவான தலையும் ஒத்திகைக்குப் போகும் தெம்பும் வேண்டும். மனச்சோர்வு முதலில் பிடுங்கிக்கொள்வது அவற்றைத்தான். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமோ பசியோ கெட்டுக் கிடந்தால் மனநல மருத்துவரிடம் போங்கள், ஒத்திகையைக் காரணம் சொல்லாதீர்கள். உயிரோடு இருப்பதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே, கூட ஒருவரை அழைத்துக்கொண்டு. கே, உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை, ஆனாலும் இதை எழுதாமல் என்னால் முடிக்க முடியாது.

விட்டுவிடலாமா என்பதற்கு இப்போது பதில் சொல்லமாட்டேன். விடுவது குற்றமில்லை. பியானோக் கலைஞர் ஹோரோவிட்ஸ் 1953-இல் மேடையை விட்டு விலகினார், 1965-இல் திரும்பி வந்தார். காட்சி இல்லாத ஒரு நாளில், தூங்கி எழுந்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, காலை பதினொரு மணிக்கு அதே கேள்வியை எழுதி அனுப்புங்கள். இந்த முறையும் நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் படிப்பேன்.