பாச்சை உருண்டை போட்ட ஒன்பது நோட்டு

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் அரசியல் அறிவியல் உதவிப் பேராசிரியை நான். சீனாவின் 1994 வரிப் பங்கீட்டுச் சீர்திருத்தம்தான் என் ஆராய்ச்சி. அடுத்த ஆண்டு பணி நிரந்தரம் முடிவாகும்; அதற்குள் புத்தகம் வர வேண்டும். 2023 ஏப்ரலில் சீனாவின் சிஎன்கேஐ இணைய நூலகம், புள்ளிவிவர ஆண்டேடுகளை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு நிறுத்திவிட்டது. சீனாவின் ஹுனான் மாகாணத்தில் எடுத்த பேட்டிக் குறிப்புகள், ஒன்பது நோட்டு, 2020 பொங்கலுக்கு வந்தபோது பெட்டி எடை கூடியதால் கும்பகோணத்தில் பீரோவில் வைத்தேன். அம்மா பாச்சை உருண்டை போட்டு வைத்திருக்கிறாளாம். கல்யாணப் பேச்சில் அப்பாவோடு மனஸ்தாபம். பிறகு ஊருக்குப் போகவில்லை. தலைப்பை இந்தியாவுக்கு மாற்றிவிடலாமா?

பதில்: சீனா கதவைச் சாத்தியதை அத்தனை விரிவாக எழுதிவிட்டு, பாச்சை உருண்டையை ஒரே வரியில் தாண்டிவிட்டாய் மகளே. எனக்கு அந்த வரி போதும்.

ஆண்டேடுகளைப் பூட்டியது பீஜிங். நோட்டுகளைப் பூட்டியது யார்? பீரோச் சாவி உன் அம்மா இடுப்பில் இருக்கிறது. நீ கேட்கவில்லை. கேட்டால் ஊருக்கு வர வேண்டும், வந்தால் அப்பா முகத்தில் விழிக்க வேண்டும்.

1993இல் மொத்த வருவாயில் 22 சதவீதம் வைத்திருந்த சீன மத்திய அரசு, மறு வருஷமே 55 சதவீதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. மதிப்புக் கூட்டு வரியில் நூற்றுக்கு 75 மேலே மத்திய அரசுக்கு, 25 கீழே உள்ளூர் அரசுகளுக்கு என்று அப்போது பிரித்தார்கள். பள்ளிக்கூடச் செலவும் ஆஸ்பத்திரிச் செலவும் மட்டும் கீழேயே நின்றன. கை காலியான உள்ளூர் அரசுகள் நிலத்தைக் காசாக்கத் தொடங்கின. இது உன் துறையில் எல்லாருக்கும் தெரிந்த கதை. வாத்தியார்களுக்குச் சம்பளம் கொடுக்க அந்த மாதம் பணத்தை எங்கே புரட்டினோம் என்று ஒரு உள்ளூர் அரசுக் கணக்கர் டீ ஊற்றிக்கொண்டே சொல்லியிருப்பாரே, அது எந்த ஆண்டேட்டில் வரும்? வேலைக்கு வினை வரலாம் என்று தெரிந்தும் உன்னிடம் வாய் திறந்தவர்களுக்கு நீ பட்ட கடன் அது. பெயரையும் ஊரையும் மறைத்துவிட்டு எழுது. ஒரே வருஷத்தில் புதுத் தலைப்பில் புத்தகம் என்பது உலை வைக்காமல் இலை போடுகிற வேலை.

கல்யாணம் பண்ணிக்கொள் என்று சொல்ல மாட்டேன், அது உன் இஷ்டம். ஆனால் முன்பின் தெரியாத அதிகாரிகள் வாசலில் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தவள், பெற்றவர் சொன்ன ரெண்டு வார்த்தைக்காக இத்தனை வருஷம் வாசற்படி மிதிக்கவில்லை என்றால் அதற்குப் பெயர் வீம்பு. தாய் தகப்பனைப் போய்ப் பார்ப்பது கடமை. அவர்கள் நல்லபடி பேசினால்தான் போவேன் என்பது என்னிடம் எடுபடாது.

கோடை விடுமுறைக்கு டிக்கெட் போடு. கூடத்தில் உட்கார்ந்து எழுது. அப்பா கல்யாணப் பேச்சை எடுத்தால் எடுக்கட்டும். அதற்கு முன்னால், இன்றைக்கே அம்மாவுக்குப் போன் போட்டு, அந்த உருண்டை கரையக் கரைய எத்தனை தடவை மாற்றி வைத்தாள் என்று கேள்.