அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்

வணக்கம். என் ஆறு வயது மகளுக்கு, ரூபி பிரிட்ஜஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினச் சிறுமியைப் பற்றிய படக்கதைப் புத்தகம் ஒன்றை வாசித்துக் காட்டினேன். பள்ளி வாசலில் கூட்டம் கத்துகிற பக்கம் வந்ததும், "அந்த ஆன்ட்டிங்க ஏம்மா அந்தப் பாப்பாவைத் திட்டுறாங்க?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் வாசித்தபோது அந்தப் பக்கத்தைச் சத்தமில்லாமல் புரட்டிவிட்டேன். சரிதானா?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

புரட்டிவிடாதீர்கள். உங்கள் மகள் கேட்டதுதான் அந்தப் புத்தகத்தின் உயிரான கேள்வி.

1960 நவம்பர் 14 அன்று அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், அதுவரை வெள்ளைக்காரப் பிள்ளைகள் மட்டுமே படித்த வில்லியம் ஃபிரான்ட்ஸ் தொடக்கப்பள்ளிக்குள் முதல் கறுப்புக் குழந்தையாகப் போன ரூபிக்கும் ஆறு வயதுதான். அத்தனை கூட்டத்தைப் பார்த்து, மார்டி கிரா திருவிழா என்றே நினைத்தாளாம். அங்கிருந்து ஆரம்பியுங்கள். "கறுப்புக் குழந்தையோடு தங்கள் பிள்ளைகள் சேர்ந்து படிக்கக் கூடாது என்று அந்த ஆன்ட்டிகள் நினைத்தார்கள். அது தப்பு." இவ்வளவு போதும். ஒரு பெண் சின்னச் சவப்பெட்டியில் கறுப்புப் பொம்மையை வைத்துக் காட்டியதை மட்டும் இப்போது சொல்ல வேண்டாம், பத்து வயதில் சொல்லலாம்.

அப்புறம் வகுப்பறைக்குள் கூட்டிப் போங்கள். வெள்ளைக்காரப் பெற்றோர்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டதால் அந்த வருடம் முழுக்க ஒரே ஆசிரியை, பார்பரா ஹென்றி. ஒரே மாணவி, ரூபி. விளையாடக்கூட ஆளில்லாத வகுப்பு! அநியாயம் எதுவென்று குழந்தைக்கு அங்கேயே விளங்கிவிடும்.

இந்த மாதிரிப் புத்தகங்கள் பலவற்றில் எனக்கு ஒரு குறை உண்டு. தைரியமான குழந்தையை ஒற்றை ஆளாக நிற்க வைத்துவிடுகிறார்கள். அவளை அந்தப் பள்ளிக்கு அனுப்பியதால் ரூபியின் அப்பாவுக்குப் பெட்ரோல் பங்க் வேலை போனது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வேறு வேலை கொடுத்தார். அவளைப் பள்ளிக்குக் கூட்டிப் போன மார்ஷல்களின் (மத்திய அரசுக் காவலர்களின்) காருக்குப் பின்னால் தெருக்காரர்கள் காவலாக நடந்தே போனார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். உங்கள் புத்தகத்தில் இல்லையென்றால் நீங்களே சேர்த்துச் சொல்லுங்கள்.

ரூபி பள்ளிக்கு நடந்து போவதை அமெரிக்க ஓவியர் நார்மன் ராக்வெல் வரைந்து, 1964இல் வெளியான ஓவியத்தையும் காட்டுங்கள். சட்டகம் ரூபியின் உயரத்துக்கு இறங்கியிருப்பதால் நான்கு மார்ஷல்களுக்கும் தலை தெரியாது. வெள்ளை கவுன், கையில் நோட்டு, ஸ்கேல். சுவரில் தக்காளி ஒன்று உடைந்து வழிந்திருக்கும். எறிந்த கூட்டம் படத்தில் இல்லை, அது நின்ற இடத்தில்தான் பார்க்கிற நாம் நிற்கிறோம். சுவரில் ஒரு வசைச் சொல்லும் எழுதியிருக்கும். அது என்னவென்று மகள் கேட்டால், ரூபியை அழவைக்க எழுதியது என்று சொல்லிவிடுங்கள்.