மூன்று நாளில் மறைந்து, மூன்றாம் வாரம் திரும்பும் படர்தாமரை
தோல் நலம்: வாசகர் கேள்வி – பதில்

பனியன் கம்பெனியில் நின்றபடி வேலை. தொடை இடுக்கிலும் இடுப்பைச் சுற்றியும் வட்ட வட்டமாக அரிப்பு. மருந்துக்கடையில் கொடுத்த க்ரீமைப் போட்டால் மூன்றே நாளில் மறைந்துவிடுகிறது. நிறுத்தினால் முன்பைவிடப் பெரிதாக வருகிறது. இரண்டு வருடமாக இதே கதை. க்ரீமை மாற்ற வேண்டுமா?
– பெயர் வேண்டாம், திருப்பூர்

அந்த க்ரீமின் அட்டைப்பெட்டி கையில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். முன்பக்கம் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்து. அதில் க்ளோபீட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமீட்டசோன், ஃப்ளுவோசினோலோன் இவற்றில் ஒன்று இருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. இவை எல்லாம் ஸ்டீராய்டுகள்.

படர்தாமரையில் அரிப்பும் சிவப்பும் வருவது, உள்ளே புகுந்த பூஞ்சையோடு உங்கள் உடம்பு சண்டை போடுவதால். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடும். அரிப்பு அடங்கும், சிவப்பு மங்கும், பூஞ்சை மட்டும் தடுப்பார் இல்லாமல் பரவும். க்ரீமை விட்டதும் உடம்பு மறுபடி விழித்துக்கொள்ளும். அதற்குள் வட்டம் பெரிதாகியிருக்கும். அதே க்ரீமில் பூஞ்சை மருந்தும் சேர்ந்திருக்கிறதே என்று கேட்கலாம். ஒரு கையால் தீயை அணைத்துக்கொண்டே மறு கையால் விசிறிவிடுகிற வேலை அது. நாளடைவில் வட்டத்தின் ஓரம் மங்கி, வட்டத்துக்குள் வட்டமாக வந்து, பார்க்கிற மருத்துவருக்கே அடையாளம் குழம்பும். தொடை இடுக்கில் தோல் மெலிந்து, பிரசவத் தழும்பு போன்ற கோடுகள் விழும். அரிப்பு போனாலும் அந்தக் கோடுகள் போவதில்லை.

ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றையும் ஒரே டியூபில் அடைத்து விற்பது நம் நாட்டில் பல காலமாக நடக்கிறது. 2018 செப்டம்பரில் மத்திய அரசு 328 கூட்டு மருந்துகளைத் தடை செய்தபோது இந்த வகை க்ரீம்கள் பலவும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஆனாலும் சேர்மானத்தைக் கொஞ்சம் மாற்றிய வேறு க்ரீம்கள் கடைகளில் கிடைக்கத்தான் செய்கின்றன.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். க்ளோட்ரிமசோல், க்ளோபீட்டசால் இரண்டும் காதில் விழும்போது அண்ணன் தம்பி போல இருக்கும். முதலாவது பூஞ்சை மருந்து. இரண்டாவது ஸ்டீராய்டுகளிலேயே மிகக் கடுமையான ஒன்று. கடையில் வாயால் கேட்காமல் எழுதிய சீட்டைக் காட்டுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: இப்போதைய க்ரீமை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள், பெட்டியையும் கொண்டுபோங்கள். நிறுத்திய முதல் ஒன்றிரண்டு வாரம் சிவப்பும் அரிப்பும் அதிகமாகும். புது மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் பலர் பழைய க்ரீமுக்கே திரும்பிவிடுவது இந்தக் கட்டத்தில்தான். அரிப்பை அடக்க மாத்திரை தருவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் பரவிய படர்தாமரைக்குப் பெரும்பாலும் பூச்சு மட்டும் போதாது. பூஞ்சைக்கான மாத்திரையும் சில வாரம் தேவைப்படும்.

டாக்டர் வெறும் பூஞ்சை க்ரீம்தான் எழுதியிருக்கிறார். எவ்வளவு போடுவது, எத்தனை நாள் போடுவது என்று கேட்க மறந்துவிட்டேன்.
– வாசகி, விழுப்புரம்

குளித்து, துண்டால் ஒற்றி, தோல் நன்றாக உலர்ந்த பிறகு போடுங்கள். ஈரத்தின் மேல் போட்டால் க்ரீம் வழுக்கி உடையில்தான் ஒட்டும். மடிப்புள்ள இடமாக இருந்தால் ஐந்து நிமிடம் விசிறிக் காற்றில் காயவிடலாம்.

அளவுக்கு உங்கள் ஆள்காட்டி விரலே போதும். விரலின் கடைசி மடிப்புக் கோட்டிலிருந்து நுனி வரை ஒரு கோடு பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது சரியாக இருக்கும். வெள்ளையாகப் படிந்து நிற்கும் அளவுக்கு அப்ப வேண்டியதில்லை. மெல்லிய படலமாகத் தேய்த்துத் தோலில் மறைந்தால் போதும்.

எங்கே தடவுவது என்பதில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். சிவந்து தெரிகிற வட்டத்தோடு நிறுத்திவிடக் கூடாது. பூஞ்சை உயிரோடு முன்னேறுவது வட்டத்தின் ஓரத்தில்தான். நடுப்பகுதி ஏற்கெனவே ஆறிக்கொண்டிருக்கும். ஓரத்தைத் தாண்டி, நல்ல தோலிலும் 2 செ.மீ. அகலத்துக்குத் தடவுங்கள். வெளியிலிருந்து உள்பக்கமாகத் தேய்ப்பது நல்லது. முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

க்ளோட்ரிமசோல் 1 சதவீதம், மைக்கோனசோல் 2 சதவீதம் போன்றவை காலை, இரவு என இரண்டு வேளை. லூலிகோனசோல் 1 சதவீதம் ஒரு வேளை போதும். சீட்டில் வேறு மாதிரி எழுதியிருந்தால் சீட்டுப்படியே செய்யுங்கள்.

நாள் கணக்குக்கு வருவோம். அரிப்பு ஒரு வாரத்தில் நின்றுவிடும். தோல் சுத்தமாகத் தெரிய மூன்று, நான்கு வாரம் ஆகலாம். அப்படித் தெரிந்த நாளிலிருந்து மேலும் இரண்டு வாரம் போட வேண்டும். 2 செ.மீ., இரண்டு வேளை, மறைந்த பின் இரண்டு வாரம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டியூப் கணக்கையும் முன்பே போட்டுவிடுங்கள். பாதிப்பும் சுற்றியுள்ள 2 செ.மீ. ஓரமும் சேர்ந்து நான்கு உள்ளங்கை அகலம் என்றால் ஒரு வேளைக்கு 1 கிராம், நாளைக்கு 2 கிராம், நான்கு வாரத்துக்கு 56 கிராம். 15 கிராம் டியூப் ஒரு வாரம்தான் வரும். பலருக்குச் சிகிச்சை நிற்பது நோய் தீர்ந்ததால் அல்ல, டியூப் தீர்ந்ததால்.

என் கணவருக்கு, பிறகு எனக்கு, இப்போது ஐந்து வயது மகனுக்கும் இடுப்பில் வந்துவிட்டது. ஒருவருக்குச் சரியானால் இன்னொருவருக்கு வருகிறது.
– வாசகி, கடலூர்

மூன்று பேரும் ஒரே சமயத்தில் சிகிச்சை எடுத்தால்தான் இது முடியும். ஆளுக்கு ஒரு துண்டு, ஆளுக்கு ஒரு சோப்பு. பாதிக்கப்பட்டவர் உடைகளைத் தனியாக வெந்நீரில் துவைத்து, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி வெயிலில் காயப்போடுங்கள். தையல் ஓரங்களில் இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தேயுங்கள். மழைக்காலத்தில் அரை ஈரத்தோடு ஜட்டியைப் போட்டுக்கொண்டு போவது பூஞ்சைக்குப் பந்தி விரிப்பது போல.

இடுப்பில் என்கிறீர்கள். கணவர், மகன் இடுப்பில் அரைஞாண் கயிறு இருக்கிறதா? கறுப்புக் கயிறு வியர்வையிலும் குளிக்கும் தண்ணீரிலும் ஊறி நாள் முழுக்கத் தோலை ஒட்டியே கிடக்கும். அதன் இழைகளில் பூஞ்சை தங்கிவிடும். சிகிச்சை முடியும் வரை கழற்றி வையுங்கள். பழைய கயிற்றை மறுபடி கட்ட வேண்டாம். சம்பிரதாயம் விட மனமில்லை என்றால், குணமான பிறகு புதுக்கயிறோ வெள்ளிக்கொடியோ கட்டிக்கொள்ளலாம். உங்களுக்குப் பாவாடை நாடா இறுக்கும் இடம் அதே போலத்தான். நாடாவைத் தளர்த்திக் கட்டுங்கள், தினமும் கொஞ்சம் மேலும் கீழும் மாற்றிக் கட்டுங்கள்.

வீட்டில் பூனையோ நாயோ இருந்து அதற்கு வட்டமாக முடி கொட்டியிருந்தால் கால்நடை மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள்.

நடவு வேலைக்குப் போகிறேன். கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண். க்ரீம் போட்டும் வெள்ளையாக ஊறியே இருக்கிறது.
– வாசகி, மன்னார்குடி

ஊறிய தோலில் க்ரீம் நிற்காது. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, ஒவ்வொரு விரல் இடுக்கையும் பழந்துணியால் பிரித்துத் துடைத்து, அரை மணி நேரம் கால் நீட்டி உட்கார்ந்து காயவிட்ட பிறகு போடுங்கள். இரவில் விரல்களுக்கு நடுவே சிறு துணிச் சுருள் வைத்துப் படுத்தால் இடுக்கில் காற்று படும். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், பேட்டரிக் கரி எதையும் வைக்காதீர்கள். வெந்துபோன இடத்தில் சீழ் பிடிக்கும்.

சேற்றுப்புண்ணில் பூஞ்சை மட்டும் இருப்பதில்லை, பாக்டீரியாவும் சேர்ந்துகொள்ளும். கெட்ட வாடை, பச்சை நிறம், சீழ் இருந்தால் க்ரீம் மட்டும் போதாது. பாதம் வீங்கி, சூடாகச் சிவந்து, காய்ச்சலோ நெறி கட்டுவதோ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கால் வீக்கமாகவே நிற்கும் யானைக்கால் நோயாளிகளும் சர்க்கரை உள்ளவர்களும் இதைச் சின்னப் புண் என்று விடக் கூடாது. உங்களுக்குச் சர்க்கரை பார்த்து நாளாகியிருந்தால் இந்தச் சாக்கில் பார்த்துவிடுங்கள்.

முதுகில் தேமல். க்ரீம் போட்டு இரண்டு மாதமாகிறது, வெள்ளை மாறவில்லை. மகளுக்கும் கன்னத்தில் வெளிறிய திட்டு. வயிற்றில் பூச்சி என்கிறார்கள்.
– வாசகர், மதுரை

திட்டை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். மாவு போல உதிர்ந்தால் பூஞ்சை இன்னும் இருக்கிறது. உதிரவில்லை என்றால் அது போய்விட்டது. நிறம் மட்டும்தான் பாக்கி. அதற்குச் சில மாதங்கள் ஆகும், மேலும் மேலும் க்ரீம் போட்டுப் பயனில்லை. முதுகு முழுக்க இருந்தால் க்ரீமைவிட கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு வசதி: ஈர உடம்பில் நுரைக்கத் தேய்த்து, 5 நிமிடம் விட்டுக் கழுவுங்கள், நாளுக்கு ஒரு முறை, 5 நாள். தேமலை உண்டாக்கும் பூஞ்சை எல்லோர் தோலிலும் குடியிருப்பதுதான். வியர்வையும் எண்ணெய்ப் பசையும் கூடும்போது பெருகும். அதனால் அடுத்த கோடையில் திரும்பலாம்.

மகளுக்கு இருப்பது பெரும்பாலும் பூஞ்சையும் அல்ல, வயிற்றுப் பூச்சியும் அல்ல. வறண்ட தோலுள்ள பிள்ளைகளுக்கு வரும் வெளிறல். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் தினமும் இரண்டு வேளை தடவுங்கள். ஆனால் யாருக்காயினும் வெளிறிய திட்டில் தொட்டால் உணர்ச்சி குறைவாக இருந்தால் க்ரீம் தேடி அலைய வேண்டாம். தொழுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அதுவாகவே இருந்தாலும் சிகிச்சை இலவசம், முழுதாகக் குணமாகும்.

பையனுக்குத் தலையில் ஒரு ரூபாய் அளவு முடி கொட்டியிருக்கிறது. படர்தாமரைக்குப் போடும் பூஞ்சை க்ரீமையே தலையில் போடலாமா?
– வாசகர், சேலம்

பயன் இல்லை. பூஞ்சை முடியின் வேருக்குள் இருக்கும். க்ரீம் அங்கே போய்ச் சேராது. பல வாரம் மாத்திரை சாப்பிட வேண்டும். கொட்டிய இடம் வழவழப்பாக இருந்தால் அது புழுவெட்டு. அதற்கு வேறு மருத்துவம். செதிலும் ஒடிந்த முடிக் குச்சிகளும் இருந்தால்தான் பூஞ்சை. சீழ்க்கட்டி மாதிரி மெத்தென்று வீங்கினாலும் யாரையும் கீறவிடாதீர்கள். நகத்தில் வந்த பூஞ்சைக்கும் சாதாரண க்ரீம் உதவாது.

க்ரீம் போட்டால் எரிகிறது. அதோடு சீமை அகத்தி இலையும் அரைத்துப் போடுகிறேன். ஆறு மாத கர்ப்பம், போடலாமா?
– வாசகி, பொள்ளாச்சி

சீமை அகத்தியை வண்டுகொல்லி என்று சொல்லிப் படர்தாமரைக்கு அரைத்துப் போடுவது பழைய வழக்கம். இரண்டையும் ஒரே இடத்தில் போட்டால் எரிச்சல் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. முதலில் இலையை நிறுத்துங்கள். எலுமிச்சை, உப்பு, பூண்டு எதுவும் வேண்டாம்.

போட்டதும் சில நிமிடம் லேசாகச் சுரீர் என்றால் பரவாயில்லை. ஒவ்வொரு முறையும் எரிச்சல் கூடிக்கொண்டே போய், சின்னக் கொப்புளம், நீர் கசிவு, வீக்கம் வந்தால் க்ரீம் ஒவ்வாமை. கழுவிவிட்டு நிறுத்துங்கள், மருத்துவர் வேறு வகை மருந்து தருவார்.

க்ளோட்ரிமசோல், மைக்கோனசோல் பூச்சு தோல் வழியாக மிகக் குறைவாகவே உள்ளே போகும் என்பதால் கர்ப்பிணிகளுக்கு இவற்றைத்தான் எழுதுவார்கள். மாத்திரை விஷயம் அப்படி அல்ல. வீட்டில் பழைய பூஞ்சை மாத்திரை கிடந்தால் தொடாதீர்கள். பால் கொடுக்கும் காலத்தில் மார்பில் போட நேர்ந்தால், பிள்ளைக்குக் கொடுக்கும் முன் துடைத்துவிடுங்கள். இன்னொரு எச்சரிக்கை வேறு வாசகர்களுக்கு: ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் மைக்கோனசோல் போடுவதற்கு முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஸ்டீராய்டு இல்லாத க்ரீம்தான். ஆறு வாரம் விடாமல் போட்டும் வட்டம் பரவுகிறது.
– வாசகர், சென்னை

முதல் சந்தேகம், அது படர்தாமரைதானா என்பது. சோரியாசிஸ், வட்ட வடிவ எக்சிமா இரண்டும் ஏமாற்றும். வட்டத்தின் ஓரத்திலிருந்து தோல் துகளைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சை இழைகள் தெரியும். கேஓஎச் பரிசோதனை என்று கேளுங்கள், வலி இல்லை. க்ரீம் போட்டிருந்தால் இழை தெரியாமல் போகலாம், அதனால் எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

பூஞ்சை உறுதியானால் இரண்டாவது சந்தேகம், அது மருந்துக்குக் கட்டுப்படாத வகையா என்பது. நம் நாட்டில் இப்போது அதிகம் பரவியிருக்கும் ஒரு பூஞ்சைக்கு 2020-ல் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று பெயரிட்டார்கள். டெர்பினாஃபின் என்ற மருந்து தாக்கும் என்சைமை உருவாக்கும் மரபணுவிலேயே இதில் மாற்றம் நேர்ந்திருப்பதால் அந்த மருந்து பலருக்கு வேலை செய்வதில்லை. உங்கள் டியூபில் இருப்பது டெர்பினாஃபின் என்றால் அதையே இன்னும் ஆறு வாரம் போடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் இட்ராகோனசோல் மாத்திரைக்கு மாற்றுவார். அதற்கு முன் நீங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைகளின் பட்டியலை, முக்கியமாக இதயம், கொலஸ்ட்ரால் மாத்திரைகளை, அவரிடம் காட்டிவிடுங்கள்.