தொப்பையும் பிரஷரும்: பர்மா தமிழர்களின் கேள்விகளுக்குப் பதில்

ரங்கூன்: அண்ணே, வயது 38, எடை 94 கிலோ. பிரஷர் 132/96. மேல் எண் நல்லாத்தானே இருக்கு?

கீழ் எண்ணைப் பாருங்கள் தம்பி. இளவயதில் உடல் பருத்தவர்களுக்குப் பல சமயம் அதுதான் முதலில் ஏறும். வயிற்றுக்குள் சேர்ந்த கொழுப்பு சிறுநீரகத்தை அழுத்த, அது உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. நரம்புத் தூண்டுதலும் கூடிச் சிறு தமனிகள் இறுகுகின்றன. அதனால் எடையைவிட இடுப்புச் சுற்றளவு முக்கியம்: நம் இனத்து ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது.

ஆனால் அந்த 96 உண்மைதானா என்று முதலில் பாருங்கள். மேல்கையின் நடுச்சுற்று 32 செ.மீ.க்கு மேல் இருந்தால் பெரிய கைப்பட்டை வேண்டும். சின்னப் பட்டையை இழுத்துக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, கால் தரையில் பட, 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். அதற்கு முன் அரை மணி நேரம் டீ, சுருட்டு, வெற்றிலை வேண்டாம். காலை இரண்டு முறை, மாலை இரண்டு முறை, ஒரு நிமிட இடைவெளியில் 7 நாள் அளந்து, முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி எடுங்கள். வீட்டு அளவில் 135/85 தாண்டினால் டாக்டரிடம் போங்கள்.

மோல்மேன்: எங்க அம்மாவுக்கு 71 வயசு, ஒல்லி உடம்பு. 168/72. இதுக்கும் எடைதான் காரணமா?

இல்லை. வயதில் பெருந்தமனி விறைத்துப்போவதால் மேல் எண் மட்டும் ஏறுவது இது. ஒல்லியானவரைப் பட்டினி போட்டு இளைக்க வைக்காதீர்கள். மருந்து தொடங்கிய பின் நின்றபடியும் ஒருமுறை அளந்து பாருங்கள். எழுந்ததும் அழுத்தம் சரிந்தால் விழுந்துவிடுவார்.

பெகு: கிளினிக்கில் 128/82. ஆனால் வீட்டுக்காரர் பயங்கரக் குறட்டை, காலையில் தலைவலி. கழுத்தும் தடிமன்.

கிளினிக்கில் சரியாகக் காட்டி மற்ற நேரத்தில் ஏறும் மறைந்திருக்கும் பிரஷராக இருக்கலாம் அம்மா, குண்டானவர்களிடம் இது அதிகம். தூக்கத்தில் அழுத்தம் 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். மூச்சு அடைத்து அடைத்துத் திறந்தால் இறங்காது. 24 மணி நேரப் பிரஷர் அளவியும் தூக்கப் பரிசோதனையும் கேளுங்கள். பகலில் தூங்கி விழுந்தால் வண்டி ஓட்ட விடாதீர்கள்.

மாண்டலே: மூணு மாத்திரை சாப்பிட்டும் 150க்குக் கீழே வரல ஐயா.

மூன்றில் ஒன்று சிறுநீர் பெருக்கியா? தினமும் விழுங்குகிறீர்களா? மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் எடுத்தால் அதுவே பிரஷரை ஏற்றும். இவை சரியாக இருந்தும் இறங்காவிட்டால் உடலில் உப்பைப் பிடித்து வைக்கும் ஹார்மோனான ஆல்டோஸ்டிரோன் பரிசோதனை கேட்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது சமையலறை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு, ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. ஙப்பி (புளித்த மீன் விழுது), மீன் சாஸ், மொஹிங்கா (மீன் நூடுல்ஸ்) குழம்பு, அஜினமோட்டோ எல்லாமே சோடியக் கணக்குதான். பொட்டாசிய உப்பு வாங்கும் முன் டாக்டரைக் கேளுங்கள். லோசார்டன், எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற பிரஷர் மாத்திரை எடுப்பவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் அது ஆபத்து.

தாட்டோன்: எவ்வளவு இளைச்சா எவ்வளவு குறையும்?

சராசரியாகக் கிலோவுக்கு ஒரு மில்லிமீட்டர், அதாவது பிரஷர் எண்ணில் ஒன்று. இளைத்த பிறகும் பழைய அளவு மாத்திரையே தொடர்ந்தால் தலைசுற்றும், அளவைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ரங்கூன்: 88 கிலோ, எனலாப்ரில் சாப்பிடுறேன். குழந்தைக்கு முயற்சி பண்ணலாமா அண்ணே?

முதலில் மாத்திரையை மாற்றச் சொல்லுங்கள் தங்கச்சி. எனலாப்ரில், லோசார்டன் இரண்டும் கருவுக்கு ஆகாது. கர்ப்பம் உறுதியானதும் 12 வாரத்துக்குள் டாக்டரைப் பார்த்தால், குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவையா என்று முடிவு செய்வார். 20 வாரத்துக்குப் பிறகு கடுந்தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.