கராஜ் பதில்கள்: உயர ஹாண்டிலும் உப்புக் காற்றும்

கேள்வி: என்னிடம் பஜாஜ் அவெஞ்சர் 220 நிற்கிறது. 12 அங்குல உயர ஹாண்டில் ஒன்றை ஓன்லைனில் பார்த்து வைத்திருக்கிறேன். விலையும் பரவாயில்லை. வாங்கிப் பூட்டலாமா அண்ணை?
(உப்புவெளி வாசகர்)

பதில்: பூட்டலாம் தம்பி. ஆனால் கையிலுள்ள காசு முழுவதையும் ஹாண்டிலுக்குக் கொடுத்துவிட்டு கராஜுக்கு வராதீர்கள். ஹாண்டில் மேலே போனால் கிளச் கேபிள் எட்டாது, அக்சிலேட்டர் கேபிள் எட்டாது, முன் டிஸ்க் பிரேக்கின் குழாய் எட்டாது, சுவிட்ச் வயர்களும் எட்டாது. இந்த நாலுக்கும் கூலிக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஹாண்டிலின் விலை சின்னதாகத் தெரியும்.

முதலில் குழாயின் தடிப்பைக் கேளுங்கள். இங்கே ஓடுகிற பைக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு 22 மில்லிமீற்றர். ஹார்லிக்கென்று செய்தது 25.4. படத்தில் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும். பெருத்ததை வாங்கினால் உங்கள் கிளச் பிடியும் பிரேக் பிடியும் அதில் ஏறாது. அராவிப் பூட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் பைக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

பிரேக் குழாயை இடையில் வெட்டி ஒட்டவே கூடாது. நீளமானதை முழுசாக வாங்கிப் பூட்டி, குழாய்க்குள் நிற்கிற காற்றை வெளியே எடுக்க வேண்டும். எந்த பிரேக் ஒயில் என்பது தொட்டி மூடியிலேயே எழுதியிருக்கும். வயர் நீட்டுகிற இடத்தில்தான் நம்மூர் வேலை பல்லிளிக்கிறது. இரண்டு நுனியையும் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, ஹெட்லைட் கூட்டுக்குள் தள்ளிவிடுவார்கள். ஒரு மாரி போனபின் அந்த டேப்பை உரித்துப் பாருங்கள்: செம்புக் கம்பி பச்சையாய்ப் பூத்து, தொட்டால் மாவாய் உதிரும். ஈயம் பற்றவைத்து, சூடு காட்டினால் சுருங்குகிற குழாயை மேலே போடச் சொல்லுங்கள். ஒட்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் குவியாமல் ஒன்றுக்கொன்று விலத்தி வரட்டும்.

எல்லாம் முடிந்ததும் நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, ஹாண்டிலை இடப்பக்கம் முட்டவும் வலப்பக்கம் முட்டவும் திருப்புங்கள். எந்தப் பக்கத்திலாவது எஞ்சின் சத்தம் தானாக ஏறினால் அக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் வாசலைத் தாண்ட வேண்டாம்.

என்னைக் கேட்டால் 12 அங்குலமே அதிகம். ஒருவரை பைக்கை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு ஏறி இருங்கள். கண்ணை மூடிக்கொண்டு கையைச் சும்மா முன்னால் நீட்டுங்கள். கை எங்கே நிற்கிறதோ அங்கே இன்னொருவர் அளவு நாடாவைப் பிடிக்கட்டும். பலருக்கு அது இப்போதுள்ள ஹாண்டிலிலிருந்து இரண்டு அங்குலம்தான் மேலே வரும். அதற்கு ஹாண்டிலின் அடியில் வைக்கிற உயர்த்திக் கட்டையே போதும். கையைத் தோளுக்கு மேலே பிடித்துக்கொண்டு ஹபரணை வரை போய்வந்தால் விரல் மரத்துவிடும். கடற்கரையில் நிறுத்திப் படம் எடுக்க மட்டும்தான் என்றால் 16 அங்குலமே போடுங்கள், எனக்கென்ன.

கேள்வி: சைலன்சருக்குள் இருக்கிற சின்னக் குழாயைக் கழற்றினால் சத்தம் கம்பீரமாக இருக்கும், இழுவையும் கூடும் என்கிறார்களே?
(உவர்மலை வாசகர்)

பதில்: சத்தம் கூடும். காபரேட்டர் விடுகிற பெற்றோல் அளவு கொம்பனி சைலன்சருக்கென்று வைத்தது. போகிற வழியை மட்டும் திறந்துவிட்டால் காற்றுக்கு ஏற்ற பெற்றோல் போய்ச் சேராது. பிளக்கைக் கழற்றினால் நுனி வெளுத்திருக்கும். அக்சிலேட்டரை விடும்போது பட் பட்டென்று வெடிக்கும். எஞ்சின் அளவுக்கு மீறிச் சுடும். காபரேட்டரில் பெற்றோல் அளவை வைக்கிற ஜெட்டை மாற்றி ஒழுங்காக்கலாம்தான். ஆனால் வருடா வருடம் புகைப் பரிசோதனையில் தேறினால்தான் வரிப்பத்திரம் கிடைக்கும். 2025 தொடக்கத்திலிருந்து பொலிஸார் இப்படியான சைலன்சர்களைத் தேடிப் பிடிப்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. கழற்றுவதென்றால் அந்தக் குழாயை எறியாமல் வையுங்கள்.

கேள்வி: புதிதாகப் பூட்டிய குரோம் கிராஷ் கார்ட் அதற்குள் துருப்பிடித்துவிட்டது. கடைக்காரர் கடற்காற்றின் மேல் பழி போடுகிறார்.
(திருக்கடலூர் வாசகர்)

பதில்: கடைக்காரர் பாதி உண்மை சொல்கிறார். இரும்புக்கு மேல் நிக்கல் பூச்சு, அதற்கு மேல் மெல்லிய குரோம். உண்மையில் துருவைத் தடுப்பது நிக்கல்; மலிவு வேலையில் மிச்சம் பிடிப்பதும் அதில்தான். கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளால் உப்பு இறங்கி, வெல்டிங் பிடித்த மூலைகளில் முதலில் செம்புள்ளி வைக்கும்.

அடுத்தமுறை வாங்கப் போகும்போது காந்தத் துண்டு ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும். கம்பிக் குழாயில் அது படக்கென்று ஒட்டினால் உள்ளே இரும்பு. 304 ரக ஸ்ரெயின்லெஸ் என்றால் ஒட்டாது, வளைவுகளில் மட்டும் லேசாகப் பிடிக்கும். 316 கடலோரத்துக்கு இன்னும் நல்லது, விலைதான் கடிக்கும். ஸ்ரெயின்லெஸ் போல்ட்டை அலுமினிய எஞ்சின் கூட்டில் பூட்டும்போது மரையில் கிறீஸ் தடவுங்கள். வெறுமனே பூட்டினால் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரித்து இறுகிவிடும். பிறகு போல்ட் வராது, அதன் தலைதான் வரும். இப்போது இருப்பதை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்துக் காயவிட்டு, மெழுகு தேயுங்கள். துணியால் மூடிக் கட்டி வைக்காதீர்கள், உப்பும் ஈரமும் உள்ளேயே நிற்கும்.

கேள்வி: அவெஞ்சர் 220 பின்சில்லுக்கு 150 டயர் போடலாமா?
(கிண்ணியா வாசகர்)

பதில்: வேண்டாம். கொம்பனி போட்டது 130/90-15. 150 போட்டால் செயினிலோ பக்கக் கம்பியிலோ உரசக்கூடும். அந்த ரிம்மில் டயர் சரியாக விரியவும் மாட்டாது.

கேள்வி: மகன் பின்சீற்றைக் கழற்றிவிட்டு ஒற்றைச் சீற் போட்டிருக்கிறான். என்னைக் கோணேசர் கோவிலுக்கு ஏற்றிக்கொண்டு போக இப்போது ஓட்டோ பிடிக்கிறான். இது நியாயமா?
(பாலையூற்று வாசகி)

பதில்: இல்லை அம்மா. பழைய சீற் வீட்டில் எங்கேயாவது கிடக்கும், கட்டிலுக்கு அடியில் பாருங்கள். அதைத் திரும்பப் பூட்ட அரை மணித்தியாலம் போதும். பூட்டும்போது முதுகு சாய்கிற கம்பியும் ஒன்று வைக்கச் சொல்லுங்கள். அவெஞ்சரின் குரூஸ் மொடலுக்குக் கொம்பனியே வைத்துத்தான் கொடுக்கிறது. அந்தக் கம்பியை மட்கார்ட் தகட்டில் துளைபோட்டுப் பூட்டுவான். விடாதீர்கள், அடியிலிருக்கிற சட்டத்தில் பிடிக்க வேண்டும். பின்னால் கால் வைக்கிற கட்டைகளையும் கழற்றியிருப்பான், அதையும் கேளுங்கள்.