முட்டுவது எங்கே? வேலை, வளர்ச்சி பற்றிய கேள்வி பதில்

வேலையிடங்களில் பயிற்சியும் ஆலோசனையும் கொடுப்பது என் தொழில். 'முயற்சி பண்ணுங்க, நம்பிக்கையா இருங்க' என்று இங்கே நான் சொல்லப் போவதில்லை, அதை உங்களுக்கு ஏற்கெனவே நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் உழைப்பில் குறை வைப்பதே இல்லை. தடை ஓரிடத்தில் இருக்க, வேறோரிடத்தில் மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். அதனால் எங்கே முட்டுகிறது என்பதைத்தான் ஒவ்வொரு கேள்வியிலும் முதலில் தேடியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, எனக்கு வேலை தெரியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மாத அறிக்கை எழுத உட்கார்ந்தால் மட்டும் மற்ற எல்லா வேலையும் ஞாபகம் வருகிறது, கடைசி ராத்திரியில்தான் முடிக்கிறேன். நான் சோம்பேறியா?

சோம்பேறிக்கு எந்த வேலையும் ஓடாது. நீங்கள் மற்றதையெல்லாம் முடித்துவிட்டு இந்த ஒன்றை மட்டும் தள்ளுகிறீர்கள் என்றால், இந்த ஒன்றுக்குள் ஏதோ இருக்கிறது. ஃபியூஷியா சிரோய்ஸ், டிமோத்தி பிச்சில் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2013-ல் எழுதிய கட்டுரையில், தள்ளிப்போடுவதை மனநிலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று வாதிட்டார்கள். வேலையைத் தொட்டதும் ஒரு சங்கடம் வருகிறது, விலகினால் உடனே நிம்மதி கிடைக்கிறது, அந்த நிம்மதிக்கு மனசு பழகிவிடுகிறது. புதுசாக அட்டவணை போட்டும் பலருக்கு ஒன்றும் மாறாமல் போவது இதனால்தான்.

அறிக்கையைத் திறந்து மேலிருந்து கீழே மெதுவாகப் போங்கள். எந்த வரிக்கு வந்ததும் கை செல்போனைத் தேடுகிறது என்று கவனியுங்கள். இதே குறையோடு வந்த ஒருவரிடம் இதைச் செய்யச் சொன்னேன். எண்களை நிரப்புவது, படங்கள் போடுவது எதுவுமே அவருக்குப் பிரச்சினை இல்லை, 'இலக்கு எட்டாததற்குக் காரணம்' என்ற ஒரே ஒரு கட்டத்தில்தான் நின்றார். அங்கே உண்மையை எழுதினால் பக்கத்து இருக்கைக்காரர் மீது பழி விழும், எழுதாவிட்டால் தன் மேல் விழும். அந்த ஒரு கட்டத்துக்குப் பயந்து முழு அறிக்கையையும் மாதாமாதம் தள்ளிக்கொண்டிருந்தார். அவருக்குத் தேவைப்பட்டது மேலதிகாரியோடு ஒரு பேச்சு. அதை முன்கூட்டியே பேசி முடித்த பிறகு மீதி வேலை சாதாரணமாகிவிட்டது.

உங்கள் கட்டம் எது என்று தெரிந்ததும், 'எப்போது, எதற்குப் பிறகு' என்று முடிவு பண்ணிவிடுங்கள். 'இந்த வாரம் எழுதுவேன்' என்று விடாமல், 'காலையில் கணினியைத் திறந்ததும், மின்னஞ்சலைப் பார்ப்பதற்கு முன், அந்தக் கட்டத்தில் இரண்டு வரி' என்று வையுங்கள். இப்படி நேரத்தையும் சந்தர்ப்பத்தையும் சேர்த்துப் போடும் தீர்மானம் வெறும் தீர்மானத்தைவிட நிறைவேற வாய்ப்பு அதிகம் என்பதைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் நன்றாகக் காட்டியிருக்கின்றன.

கேள்வி: 21 நாள் விடாமல் செய்தால் பழக்கம் ஆகிவிடும் என்கிறார்கள். நான் பத்து நாள் உடற்பயிற்சி செய்வேன், ஒரு நாள் விட்டுப்போகும், அதோடு எல்லாம் போச்சு. மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அந்த 21 நாள் கணக்கை மறந்துவிடுங்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர், தன் நோயாளிகள் புது முகத்துக்குப் பழக குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-ல் எழுதியதிலிருந்து பரவியது அது. 'குறைந்தது' என்ற சொல் வழியில் தொலைந்துபோய், 21 நாளில் எதுவும் பழகிவிடும் என்றாகிவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒரு செயல் தன்னால் நடக்கும் நிலைக்கு வர ஆகும் காலம் நடுத்தரமாக 66 நாள் என்று கணக்கு வந்தது, ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம் (12 வாரத்தைத் தாண்டும் எண்கள் கணக்கிட்டு மதிப்பிட்டவை).

உங்களுக்கு முக்கியமானது அதே ஆய்வில் வந்த இன்னொரு விஷயம். ஒரு நாள் விட்டுப்போவதால் பழக்கம் உருவாவதில் பெரிய பாதிப்பு ஏற்படவில்லை. ஆகவே உங்களைக் கவிழ்ப்பது விட்டுப்போன அந்த நாள் இல்லை, 'எல்லாம் போச்சு' என்று நீங்கள் எடுக்கும் முடிவுதான். பத்து நாள் செய்து ஒரு நாள் விட்டால் அடுத்த நாள் உங்களுக்குப் பன்னிரண்டாவது நாள், அவ்வளவுதான்.

கேள்வி: எவ்வளவு திட்டம் போட்டாலும் சொன்ன தேதியில் முடிக்க முடியவில்லை. பேர் கெட்டுப்போகிறது.

1994-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள், ஆனது 55 நாளுக்கு மேல். எல்லாமே தப்பாகப் போனால் எவ்வளவு ஆகும் என்று அவர்களே போட்ட கணக்கைக்கூட அது தாண்டிவிட்டது. ஆக இது உங்கள் ஒருவருடைய குறை இல்லை. இந்த வேலை எப்படி நடக்கும் என்று கற்பனை செய்வதை விட்டுவிட்டு, இதேபோன்ற முந்தைய வேலைகள் நிஜமாக எத்தனை நாள் எடுத்தன என்று எடுத்துப் பாருங்கள், அந்த எண்ணைச் சொல்லுங்கள். கேட்பவர் முகம் சுளிப்பார். ஆனால் ஆரம்பத்தில் சுளிக்கும் முகத்தைச் சமாளிப்பது சுலபம், கெடு தாண்டிய பிறகு வரும் கோபத்தைச் சமாளிப்பதுதான் கஷ்டம்.

கேள்வி: மேடம், வயது நாற்பத்தைந்து. ஆட்குறைப்பில் வேலை போய் சில மாதம் ஆகிறது. தினமும் விண்ணப்பம் போடுகிறேன், பதிலே இல்லை. நேர்காணல் வந்தாலும் பழைய நிறுவனத்தைப் பற்றிக் கேட்டதும் என் குரல் மாறிவிடுகிறது. வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

உங்கள் கேள்வியைப் பல முறை படித்தேன். இதில் இரண்டு தடைகள் இருக்கின்றன, இரண்டையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். ஒன்று குரல் மாறுவது, இன்னொன்று வெளியில் சொல்லாதது.

குரலை முதலில் பார்ப்போம். ஜேம்ஸ் பென்னிபேக்கரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1994-ல், திடீரென்று வேலை இழந்த அனுபவசாலிகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு பிரிவினர் வேலை போனது பற்றித் தங்கள் மனதில் இருந்ததை எல்லாம், தொடர்ந்து சில நாள், சிறிது நேரம் எழுதினார்கள். எழுதாதவர்களைவிட அவர்களுக்குச் சீக்கிரம் வேலை கிடைத்தது. அவர்கள் கூடுதலாக விண்ணப்பம் போட்டதால் இல்லை, உள்ளே தேங்கியிருந்த கோபம் வடிந்ததால் இருக்கலாம் என்பதே விளக்கம். நீங்களும் எழுதுங்கள், அழகாக எழுத வேண்டாம், யாருக்கும் காட்டவும் வேண்டாம். யார் உங்களை அறைக்குக் கூப்பிட்டார்கள், என்ன சொன்னார்கள், திரும்பி மேஜைக்கு வந்தபோது எப்படி இருந்தது என்பது வரை எழுதி, வேண்டுமானால் கிழித்துப் போட்டுவிடுங்கள். அதன் பிறகு நேர்காணலுக்காக இரண்டே வாக்கியம் தயார் செய்யுங்கள்: 'ஆட்குறைப்பில் எங்கள் பிரிவே மூடப்பட்டது. அங்கே நான் செய்த இந்த வேலையைத்தான் இங்கே தொடர விரும்புகிறேன்.' உங்கள் விஷயத்தில் உண்மை எதுவோ அதற்கேற்ப மாற்றிக்கொண்டு, வீட்டில் சத்தமாகச் சொல்லிச் சொல்லிப் பாருங்கள். குரல் அடுத்த கேள்விக்குத் தானாக நகரும் வரை சொல்லுங்கள்.

இரண்டாவது, வெளியில் சொல்லாதது. தெரிந்தவர் மூலம் வேலைக்குப் போனவர்களிடம் மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் விசாரித்து 1973-ல் எழுதினார். அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்ப்பவர்கள் சுமார் 17 சதவீதம்தான். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு உதவியது எப்போதாவது பார்க்கும் ஆள், கால்வாசிக்கு மேல் அபூர்வமாகப் பார்க்கும் ஆள். நெருக்கமானவர்களுக்கு உங்களுக்குத் தெரிந்த செய்திகள்தான் தெரியும், தூரத்துப் பழக்கம்தான் புதுச் செய்தியைக் கொண்டுவரும். எட்டு வருடத்துக்கு முன் உங்களோடு ஒரு திட்டத்தில் வேலை பார்த்தவர், உங்களிடம் பயிற்சி எடுத்துவிட்டு வேறிடம் போன இளைஞர், எதிர்த்தரப்பு நிறுவனத்தில் இருந்தும் மரியாதையாகப் பேசியவர், இப்படி ஒரு பட்டியல் போடுங்கள். 'வேலை வாங்கிக் கொடுங்கள்' என்று கேட்க வேண்டாம். 'நான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன், உங்கள் பக்கம் இந்த வேலைக்கு யார் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரியுமா?' என்று கேளுங்கள், அதற்குப் பதில் சொல்வது அவர்களுக்கும் சுலபம்.

வெட்கமாகத்தான் இருக்கும். வேலை போனது உங்கள் தகுதியின் மேல் எழுதப்பட்ட தீர்ப்பு இல்லை சார், தயவுசெய்து அதை அப்படிச் சுமக்காதீர்கள்.

கேள்வி: குழுத் தலைவர் பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள். எனக்குத் தகுதி இல்லை, சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று உள்ளே உதறுகிறது.

பாலின் கிளான்ஸ், சூசேன் ஐம்ஸ் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1978-லேயே, நன்றாகச் சாதித்த பெண்களிடம் இதே உணர்வைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள், ஆண்களுக்கும் இது உண்டு. ஆனால் எல்லா உதறலையும் வெறும் பிரமை என்று நான் தள்ள மாட்டேன், புதுப் பொறுப்பில் தெரியாத விஷயங்கள் நிஜமாகவே இருக்கும். ஆளை வேலை வாங்குவதா, வரவுசெலவுக் கணக்கா, கூட்டம் நடத்துவதா, எது தெரியவில்லை என்று எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால் அது கற்றுக்கொள்ள வேண்டிய பாடம். எழுத ஒன்றுமே வரவில்லை என்றால் அது பயம் மட்டும்தான், பயத்தை வைத்துக்கொண்டே வேலையைச் செய்யலாம்.

கேள்வி: அக்கா, இணையத்தில் வகுப்பு வகுப்பாகப் படிக்கிறேன், சான்றிதழ்களும் இருக்கின்றன. ஒரு மாதம் கழித்துக் கேட்டால் ஒன்றும் நினைவில் இல்லை.

தம்பி, பார்க்கும்போது புரிகிறது என்பதால் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் 2006-ல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். ஒரு பிரிவு மாணவர்கள் பாடத்தைத் திரும்பப் படித்தார்கள், இன்னொரு பிரிவினர் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ், நினைவிலிருந்து எழுதியவர்களுக்கே அதிகம் மிஞ்சியது.

அதனால் புது வகுப்பில் சேருவதைக் கொஞ்ச காலம் நிறுத்துங்கள். ஏற்கெனவே முடித்ததில் ஒன்றை எடுத்து, காணொளியை மூடிவிட்டு, வெற்றுத் திரையில் நீங்களாகச் செய்து பாருங்கள். திணறும். திணறும் இடத்தை மட்டும் திரும்பப் பாருங்கள், இரண்டு நாள் விட்டு மறுபடி செய்யுங்கள், அப்புறம் ஒரு வாரம் விட்டு. சலிப்பான வழிதான், ஆனால் கையில் நிற்கும்.

கேள்வி: 'நீ இன்னும் வளரணும்' என்று மேலாளர் ஒவ்வொரு முறையும் சொல்கிறார். என்ன செய்ய வேண்டும் என்றுதான் புரியவில்லை.

எனக்கும்தான் புரியவில்லை! இது கருத்தே இல்லை. கருத்து சொன்னாலே ஆள் முன்னேறிவிடுவார் என்றும் இல்லை, க்ளூகர், டினீசி என்ற இருவர் 1996-ல் நிறைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவற்றில் கருத்து சொன்ன பிறகு வேலைத்திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையை விட்டு ஆள் மீது திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் விளக்கம். நீங்கள் வேலையின் பக்கம் இழுத்துவிடுங்கள்: 'போன வாரம் நான் கொடுத்த அறிக்கையில் எந்தப் பகுதியை மாற்றியிருந்தால் உங்களுக்குப் பிடித்திருக்கும்?' இப்படிக் கேட்டும் பதில் வரவில்லை என்றால் குறை உங்களிடம் இல்லை என்பதாவது தெரிந்துவிடும்.

கேள்வி: வேலைக்குப் போக வேண்டும் என்று நினைத்தாலே உடம்பு கனக்கிறது. விடுமுறை எடுத்தும் சரியாகவில்லை.

விடுமுறை முடிந்து அதே வேலைச் சுமைக்குத்தானே திரும்புகிறீர்கள்? நீண்டகால வேலை அழுத்தத்தால் வரும் இந்தச் சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வேலை சார்ந்த நிகழ்வாக வரையறுத்தது. சக்தி வற்றிப்போவது, வேலையின் மேல் வெறுப்பு, செய்யும் வேலையில் பலன் குறைவது, மூன்றும் அதில் அடக்கம். வேலையிலிருந்து வருவதை யோகாவால் மட்டும் சரிசெய்ய முடியாது. எந்த வேலையைக் குறைக்கலாம், யாரிடம் மாற்றலாம் என்று பேச வேண்டியிருக்கும். அதற்கு முன், தூக்கமும் பசியும் கெட்டிருந்தாலோ, எதிலும் பிடிப்பில்லாமல் போயிருந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: ஆறு வருடமாக ஒரே தேர்வுக்குப் படிக்கிறேன். விட்டால் ஆறு வருடமும் வீண், தொடரவும் பயம்.

1985-ல் ஆர்க்ஸ், ப்ளூமர் இருவரும் ஒரு பருவத்து நாடகங்களை எல்லாம் பார்க்க மொத்தமாக ஒரே சீட்டு வாங்கியவர்களைக் கவனித்தார்கள். முழு விலை கொடுத்தவர்கள், தள்ளுபடியில் அதே சீட்டைப் பெற்றவர்களைவிட அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். மேடையில் நடந்தது எல்லோருக்கும் ஒன்றுதான், கொடுத்த காசுதான் அவர்களை இழுத்து வந்தது. போன ஆறு வருடமும் உங்களை அப்படித்தான் இழுக்கிறது. அது திரும்பி வராது, தொடர்ந்தாலும் வராது.

கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இன்றைக்குத்தான் முதல் முறையாக இந்தத் தேர்வைப் பற்றிக் கேள்விப்படுகிறீர்கள் என்றால், உங்கள் கடைசி இரண்டு முயற்சிகளின் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, இதில் ஒரு வருடம் போடுவீர்களா? போடுவேன் என்றால், எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் ஏற வேண்டும், அதற்கு இந்த முறை எதை மாற்றிச் செய்யப் போகிறீர்கள் என்று எழுதுங்கள், நிறுத்தும் தேதியையும் இப்போதே குறித்து வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். மாட்டேன் என்றால், இதுவரை படித்தது எந்தெந்த வேலைக்கு உதவும் என்று இந்த வாரமே தேட ஆரம்பியுங்கள். எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் எனக்கு எழுதுங்கள், அடுத்த அடியைச் சேர்ந்து யோசிக்கலாம்.